வுழூ முறியும் வருத்தம்

கடைசிப் பிள்ளை பிறந்த சில காலத்தில் எனக்கு உடம்பில் அந்த வருத்தம் தொடங்கியது. இருமினால், தும்மினால், சிரித்தால்கூடச் சிறுநீர் கசியும். தொழுகையில் சுஜூதுக்குப் போய் நெற்றியைத் தரையில் வைத்தால் நிச்சயம் கசியும். கசிந்தால், தொழுகைக்கு முன் கழுவிச் சுத்தமாகும் வுழூ முறிந்துவிடும். எழுந்து போய்க் கைகால் முகம் கழுவித் திரும்பவும் தொடங்க வேண்டும். மூன்றாம் தடவை பைப்பைத் திறக்கும்போது யாருக்குத்தான் ஆத்திரம் வராது?

இதை நான் நோயென்று நினைக்கவேயில்லை. மார்க்கச் சிக்கல் என்று நினைத்தேன். அதனால் டொக்டரிடம் போகாமல், பள்ளிவாசல் மவுலவியிடம் கேட்டு வரும்படி கணவரை அனுப்பினேன். அவரும் பெயர் சொல்லாமல், "ஒரு ஆளுக்கு இப்பிடி இரிக்கி" என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

"ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் புதுசா வுழூ எடுத்துத் தொழுதாப் போதுமாம். நடுவுல கசிஞ்சாலும் தொழுக கூடுமாம், குத்தமில்லயாம்."

அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதியிலேயே ஏழெட்டு வருடம் ஓடியது. கல்யாண வீட்டில் நாலு பேர் கூடிப் பகிடி விட்டுச் சிரித்தால் நான் எழும்பிப் போய்விடுவேன். நோன்பில் ஊர்ப் பெண்களெல்லாம் இரவில் தராவீஹ் தொழப் போக, நான் வீட்டில் தனியாகத் தொழுதேன். பக்கத்தில் நிற்பவருக்கு வாடை போய்விடுமோ என்ற பயம். அவர்களோடு தோள் சேர்ந்து ஒரு வரிசையில் நிற்க எனக்கு எவ்வளவு ஆசை என்று யாருக்கும் சொல்லவில்லை.

கடைசியில் மகள்தான் கண்டுபிடித்தாள். நான் உள்ளே வைத்துக் கழுவிக் கொடியில் காயப்போட்ட துணித்துண்டுகளைப் பார்த்து, "இதென்ன உம்மா?" என்று கேட்டாள். சொன்னேன்.

"யா அல்லாஹ், இதுக்கு மருந்திரிக்கி உம்மா!"

மருந்து இருந்தது, அதைத் தெரிந்த ஆள்தான் அகப்படவில்லை. முதலில் பார்த்த டொக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், சிறுநீரில் கிருமி என்று குளிசை மருந்து எழுதினார். அடுத்தவர், "நாலு புள்ள பெத்தா இப்பிடித்தான், வயசும் போகுதே" என்றார். நாற்பத்தாறில் எனக்கு என்ன வயசு போனதாம்?

பிறகு மகள் நாலு இடத்தில் விசாரித்து, கல்முனையில் ஒரு பெண்ணோயியல் நிபுணரைச் சனல் பண்ணி நேரம் எடுத்தாள். அவரும் பெண்தான். எப்போது போகிறது, எவ்வளவு போகிறது என்று கேட்டார். கட்டிலில் படுக்கவைத்து, "இருமுங்க" என்றார். இருமினேன், நனைந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"இடுப்புக்கு அடியில இருக்கிற தசை தளர்ந்திருக்கு. முதல்ல பயிற்சி செஞ்சு பாப்பம். சரிவராட்டி ஒப்பரேஷன் இருக்கு."

பயிற்சி சொல்லித்தர ஒரு பிசியோதெரபிப் பிள்ளையிடம் அனுப்பினார். சிறுநீரை அடக்குவதுபோல இறுக்கி, பிடித்து, விட வேண்டும், அவ்வளவுதான். சோறு வடிக்கும்போதும் செய்தேன், பஸ்ஸில் இருக்கும்போதும் செய்தேன். ஒருவருக்கும் தெரியாது.

அடுத்த நோன்பில் மாலையில் மஃரிபுக்கு எடுத்த அதே வுழூவோடு பெண்கள் வரிசையில் போய் நின்று, இரவு இஷாவும் தராவீஹும் தொழுதேன். முறியவில்லை. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்லும்போது அழுதுவிட்டேன்.

அவருக்கும் பெரிய சந்தோசம். "அண்டைக்கே மவுலவி சொன்னார்தான், டொக்டருக்கிட்டயும் காட்டுங்க எண்டு" என்றார் சிரித்துக்கொண்டு.

"எண்டைக்கு?"

"நான் கேக்கப் போன அண்டைக்குத்தான். வருத்தம் எனக்கெண்டு நெனச்சிட்டார் மனிசன். எனக்கு வெக்கமாப் போச்சி. அதால அத நான் வந்து சொல்லல்ல."

என் முகத்தைப் பார்த்ததும் அவருடைய சிரிப்பு நின்றது. அன்று விடியமுன் சஹர் சாப்பாட்டுக்கு நான் அவரை எழுப்பவில்லை.