தொண்டைக்குள் ரப்பர் குழாய்

எழுபதுகளில் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தேன். ஒரு காலையில் உப்புக் குவியலை மூடியிருந்த ஓலையைத் தூக்கியபோது, அடியில் கிடந்த நல்ல பாம்பு கையில் கொத்திவிட்டது. உப்பு லாரியிலேயே பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். போய்ச் சேர்வதற்குள் இமை கவிழ்ந்துவிட்டது. எச்சிலை விழுங்க முடியவில்லை. வாயோரம் ஒழுகி ரவிக்கையை நனைத்தது. மூச்சும் அடங்கிக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என் வாயைப் பிளந்து, இரும்புக் கருவியால் நாக்கைத் தூக்கி, ரப்பர் குழாயை மூச்சுக்குழலுக்குள் இறக்கினார். முன்பல் ஒன்று உடைந்தது. எனக்கு நினைவு தப்பவில்லை. உடம்புதான் அசையவில்லை. பழைய சைக்கிள் டியூபைச் சப்பியதுபோல வாயெல்லாம் ருசி. குமட்டலைக் காட்டக்கூடத் தொண்டையில் பலமில்லை.

குழாயின் வெளிநுனியில் ஒரு பை. அதை அமுக்கினால்தான் எனக்கு மூச்சு. என் வீட்டுக்காரரும் நாத்தனாரும் மாற்றி மாற்றி அமுக்கினார்கள். ஒருமுறை சளி கட்டிக் குழாய் அடைத்துக்கொண்டது. நெஞ்சு வெடிக்கப் பார்த்தது.

“சிஸ்டர், பை அமுங்க மாட்டேங்குதுங்க,” என்றார் நாத்தனார்.

நர்ஸ் மெல்லிய குழாய் விட்டு உறிஞ்சினாள். என் சளி கொழகொழவென்று பாட்டிலில் விழும் சத்தம் கேட்டது. எனக்கே அருவருப்பாக இருந்தது.

“அக்கா, என்னால முடியலக்கா. நாத்தம் கொடலப் பொரட்டுது. நீயே அமுக்கு,” என்றார் வீட்டுக்காரர்.

“டேய், அவளுக்குக் கேக்கப் போவுதுடா.”

“கட்ட மாதிரி கெடக்குறா. அவளுக்கு இன்னா கேக்கும்?”

மூக்கு வழியாகக் காற்றே போகாததால் எந்த நாற்றமும் எனக்குத் தெரியவில்லை. அவர் பேச்சுதான் நாறியது.

விஷமுறிவு மருந்து வேலை செய்தது. இமை திறந்தது, விரல் அசைந்தது, குழாயை உருவினார்கள். குரல் மட்டும் தகரத்தைச் சுரண்டுவதுபோல ஆகிவிட்டது. சில வாரம் கழித்துப் போனபோது டாக்டர் கண்ணாடி வைத்துத் தொண்டையைப் பார்த்தார்.

“குழாய் உரசுன எடத்துல சதை வளந்திருக்கும்மா. எடுத்துடலாம். மயக்கம் குடுத்துத் திரும்பவும் குழாய் போடணும்.”

“வேணாங்க.”

“எடுத்துக்கயேன். நீ பேசுனா கேக்க சகிக்கல,” என்றார் வீட்டுக்காரர்.

“அன்னிக்கு நீ பேசுனது எல்லாம் எனக்குக் கேட்டுச்சு,” என்றேன்.

என் குரல் பிறகு சரியாகவே இல்லை. அவர் சாப்பிட்ட தட்டை அதன்பின் நான் கழுவியதும் இல்லை.