அண்டை நாட்டு மந்திரியின் பக்கம்

என் கணவர் அணுமின் நிலைய இன்ஜினியர். ஏழு வருஷத்துக்கு முன்னால் என் வேலை விசாவில் மகளோடு ஆக்லாந்து வந்தோம். எனக்கு ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை வேலை. அவருக்கு ஒன்றும் அமையவில்லை. இந்த நாட்டில் ஓர் அணு உலைகூடக் கிடையாது என்று தெரிந்துதான் வந்திருந்தோம். பாபடோயிட்டோய் பக்கம் ஒரு கிடங்கில் எட்டு மாதம் பெட்டி அடுக்கினார். வீட்டில் பேசுவது குறைந்துபோனது. பிறகு ஐரோப்பாவில், எல்லையை ஒட்டிய ஒரு பழைய அணுமின் நிலையத்தில் அவருக்கு கான்ட்ராக்ட் கிடைத்தது. ஏர்போர்ட்டில் மகளிடம், "ரெண்டே வருஷம்டா" என்றார். அது நாலு வருஷமானது.

தினமும் காலை ஏழு மணிக்குக் கூப்பிடுவார். அங்கே அப்போது முந்தின நாள் இரவுச் சாப்பாட்டு நேரம். ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார்: "பக்கத்து நாட்டு கவர்மென்ட் எங்க ப்ளான்ட்ட மூடச் சொல்லி கேஸ் போட்டிருக்கு."

"மூடிடுவாங்களா?"

"சும்மா அரசியல். நீ பயப்படாத."

நான் பயப்படவில்லை. அன்று மத்தியானம் லேபின் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து அந்தச் செய்தியைத் தேடிப் படித்தேன். அந்த நாட்டு மந்திரி எல்லையோரம் நின்று பேட்டி கொடுத்திருந்தார். உலை பழசு, சுவரில் வெடிப்பு இருக்கிறது, ஏதாவது நடந்தால் காற்று எங்கள் பக்கம்தான் வீசும் என்றார். எல்லையோர ஊர் மக்களுக்குக் கதிர்வீச்சுக்கு முன்னெச்சரிக்கையாக அயோடின் மாத்திரை கொடுத்திருந்தார்கள். தள்ளுவண்டியில் குழந்தைகளோடு அம்மாக்கள் ஊர்வலம் போனார்கள். அந்த மந்திரி ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தேன். வெடிப்பைப் பற்றியோ காற்றைப் பற்றியோ எனக்கு அக்கறை இல்லை. ப்ளான்ட்டை மூடினால் இவர் வந்துவிடுவார். அவ்வளவுதான்.

பத்து மாதம் அந்த வழக்கின் பின்னாலேயே போனேன். அந்த அரசாங்கம் கடிதம் எழுதியது, நிபுணர்களை அனுப்பியது, அங்கிருந்து வரும் கரண்டே வேண்டாம் என்றது. தெரியாத பாஷைச் செய்திகளை போனில் மொழிபெயர்த்துப் படித்தேன். என்னோடு வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துப் பெண்ணிடம் மட்டும் இதைச் சொன்னேன்.

"மூடினா அவருக்கு வேலை போயிடுமல்லோ அக்கா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அதுக்குப் பிறகு இஞ்ச வந்து என்ன செய்வார்?"

எனக்குத் தெரியவில்லை. கிடங்கு என்று சொல்ல வாய் வரவில்லை.

தீர்ப்பை அவர் சொல்லித்தான் கேட்டேன். வழக்கமான நேரத்துக்குக் கூப்பிட்டார். பின்னால் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"கேஸ் தள்ளுபடி. இன்னும் பத்து வருஷம் ஓட்டலாம்னு பர்மிஷனும் வந்தாச்சு."

"சரி."

"எனக்கும் கான்ட்ராக்ட்ட மூணு வருஷம் நீட்டிச்சுக் கொடுக்கிறாங்க. என்ன சொல்ற?"

"கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

"நேத்தே போட்டுட்டேன்" என்றார்.

மகளின் லஞ்ச் பாக்ஸ் எதிரில் திறந்திருந்தது. நான் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தேன். அழுகை வரும் என்று கொஞ்சம் காத்திருந்தேன். வரவில்லை. கோபமும் வரவில்லை.

"அது மூடிடணும்னு நான் நினைச்சுட்டிருந்தேங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "நீயுமா? அந்த ஊர்க்காரங்க மாதிரியே பயந்துட்ட போல. ஒண்ணும் ஆகாது. ரொம்ப ஸேஃப்."

அது பயம் இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். சாப்பிட்டாராம். போனை வைத்தோம்.

மகள் சாக்ஸ் போட்டுக்கொண்டே வந்தாள். எல்லாம் கேட்டிருப்பாள்.

"டாட் இஸ் ஸ்டேயிங், இஸ்ன்ட் ஹீ?"

"ஆமா. மூணு வருஷம்."

"ஓகே."

அவளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வேலைக்குப் போனேன். பிளாட் புஷ் பக்கம் ரவுண்டபவுட்டில் ரோடு தோண்டியிருந்தார்கள். பத்து நிமிஷம் தாமதம். மிஷினில் காலை சாம்பிள்கள் காத்திருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து ஸ்டிக்கரைச் சரிபார்த்து வைத்தேன். அந்த யாழ்ப்பாணத்துப் பெண் டீ கொண்டுவந்து வைத்து, "கேஸ் என்னாச்சு அக்கா?" என்றாள்.

"தோத்துட்டாங்க" என்றேன்.

"ஓமோ அக்கா" என்றாள் மெதுவாக. கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நின்றாள். பிறகு தன் மிஷினுக்குப் போனாள்.