மருந்து என்று சொல்லாதவள்

அம்சவல்லி எங்கள் தெருக்காரி. நாற்று நட்டுப் பிழைத்தவள். வாந்திபேதியில் புருஷன் போன பிறகு, கிணறுகளில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றும் தினக்கூலி வேலை பஞ்சாயத்து யூனியனில் கிடைத்தது. கயிறு விட்டு ஆழம் பார்ப்பாள். வாளியில் தூளைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் ஊற்றுவாள்.

எழுபத்தொன்றாம் வருஷம், தை மாதம். ஆட்சி மாறி நான்கு வருஷம் ஆகியும் அறுவடைக் கூலித் தகராறு தீரவில்லை. மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்கள் வரப்பில் விவசாயக் கூலிச் சங்கத்தின் கொடியை நட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆற்றில் தண்ணீரை நிறுத்தியிருந்ததால் வாய்க்காலில் அங்கங்கே குட்டைதான் கிடந்தது. பக்கத்து ஊரில் இரண்டு பேருக்கு வாந்திபேதி கண்டிருந்தது.

முதலில் மிராசுதார் வீட்டுக் கிணறு, அடுத்து எங்கள் தெருக் கிணறு என்று அம்சவல்லிக்குக் கொடுத்த சீட்டில் எழுதியிருந்தது. அப்படியே செய்தாள். "மருந்து போட்டிருக்கு. ஒரு மணி நேரம் யாரும் எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, சுற்று முடித்துத் திரும்ப நாலைந்து நாளாகும் என்று அடுத்த ஊருக்கு நடந்தாள்.

தப்பு அந்தச் சொல்லில் இருந்தது. புது ரக நெல்லோடு பூச்சிமருந்தும் வந்திருந்த காலம். 'மருந்து குடிச்சிட்டா' என்றால் எங்கள் பக்கம் பாடை கட்டக் கிளம்பிவிடுவார்கள். மிராசுதார் வீட்டிலிருந்து நேராக வந்தவள் மருந்து போட்டிருக்கிறாள். தண்ணீரும் நெடி அடிக்கிறது. தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்குப் போனது.

மூன்றாம் நாள் எங்கள் தெருவில் பொன்னுத்தாயின் மகளுக்கு வாந்திபேதி கண்டது. கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு நீடாமங்கலம் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கேள்விப்பட்டு வந்த அம்சவல்லி வாய்க்கால் பாதையில் குறுக்கே நின்றாள். பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சங்கத்துத் தலைவர் மருதையன், பொன்னுத்தாயின் அண்ணன், வரப்பிலிருந்து எழுந்து வந்தார்.

"அறுக்கத்தான் வெளியூர் ஆளு வந்தாச்சே. இனி நாங்க எதுக்குன்னு மருந்து போட ஒன்னை அனுப்பிச்சாங்களா?"

அவள் கண் கலங்கியது. ஆனால் நகரவில்லை. மருந்து என்று தான் சொன்னதுதான் பிசகு என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. தகர டப்பாவையும் வாளியையும் அவர் காலடியில் வைத்தாள்.

"இது துணி வெளுக்குற தூளு, அண்ணே. அவங்க கிணத்துல ஊத்துனதும் இதே டப்பாதான். நான் தொடலை. நீங்களே கரைச்சு ஊத்துங்க."

மருதையன் முகர்ந்து பார்த்தார். பிறகு கிணற்றடிக்குப் போய், அவள் தள்ளி நின்று அளவு சொல்லச் சொல்ல, தானே கரைத்தார், தானே ஊற்றினார். ஒரு மணி நேரம் காத்திருந்து முதல் வாளியை இழுத்துக் குடித்தார். தன் கையால் ஊற்றியதை அவரால் சந்தேகப்பட முடியவில்லை. அவர் குடித்ததைத் தெருவாலும் சந்தேகப்பட முடியவில்லை.

அதற்குள் வாய்க்கால் தண்ணீர் குடித்திருந்த இன்னும் இரண்டு பேர் படுத்தார்கள், பிழைத்தார்கள். அத்தோடு நின்றது. பொன்னுத்தாயின் மகள் எட்டாம் நாள் நடந்தே தெருவுக்குள் வந்தாள்.

அதன் பிறகு எந்த ஊருக்குப் போனாலும், அதிகமாகச் சத்தம் போடுகிற ஆளைத் தேடி வாளியைக் கொடுப்பது அம்சவல்லியின் வழக்கமாயிற்று. மறு மாதம் எங்கள் கிணற்றின் முறை வந்தபோது கிணற்றடியில் பொன்னுத்தாய் கேட்டாள்.

"இன்னிக்கு என்னக்கா போடப்போற?"

"தூளு. நான் இல்ல, நீதான் போடப்போற. கயித்தை எடு."