கதவருகே மங்கலாக ஓர் ஆள்

என் தங்கையின் கணவரைப் படப்பிடிப்புத் தளத்தில் எல்லோரும் ‘டேப்’ என்றுதான் சொல்வார்கள். ஆள் நிற்கும் தூரத்தை அளந்து, முகம் தெளிவாக விழும்படி கேமராவின் ஃபோகஸைத் திருப்புவது அவர் வேலை. இடுப்பில் அளவு டேப் இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது. தன் கல்யாணத்திலேயே, மாப்பிள்ளைக் கோலத்தில் எழுந்து வந்து, போட்டோ எடுப்பவரை அரையடி பின்னால் தள்ளி நிற்கவைத்த மனுஷர். அந்தக் கண்ணை நம்பித்தான் வீடு ஓடுகிறது. அந்தக் கண் மங்கிக்கொண்டு வருவது போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது. வெளிச்சம் குறைந்தால் தூரத்தில் இருப்பது தெரிவதில்லையாம்.

“உங்க தங்கச்சிகிட்ட மூச்சு விட்றாதீங்க மச்சான்” என்றார்.

நான் அதே தளத்தில் லைட்மேன். அன்றைக்கு எடுத்தது ஒரு த்ரில்லர் படத்தின் முதல் காட்சி. சமையலறை மேஜையில் ஒரு தண்ணீர் டம்ளர். அது மட்டும் பளிச்சென்று தெரியும். பின்னால் ஒரு பெண் முதுகைக் காட்டிப் பாத்திரம் கழுவுகிறாள். அவளுக்கும் பின்னால், மங்கலாகக் கதவு. அது திறந்து ஒருவன் உள்ளே கால் வைத்ததும், ஃபோகஸ் டம்ளரை விட்டு அவன் முகத்துக்குப் போக வேண்டும். வசனம் கிடையாது, ஒன்றும் கிடையாது.

“கதவுப் பக்கம் இன்னும் குறைங்க” என்றார் டைரக்டர். விளக்கைக் குறைத்தேன். “இன்னும் கொஞ்சம்.” ஊரைப் பயமுறுத்த இந்த ஆளுக்கு என் மாப்பிள்ளையின் பிழைப்புதானா கிடைத்தது என்று மனசுக்குள் திட்டினேன். ஆனாலும் குறைத்தேன்.

டேக் ஆரம்பித்தது. கதவு திறந்து அவன் உள்ளே வந்துவிட்டான். ஃபோகஸ் சக்கரத்தின் மேல் மாப்பிள்ளையின் கை அப்படியே இருந்தது. எதிரே இருந்த சின்ன மானிட்டரிலும் அந்த மூலை வெறும் இருட்டு. திருப்புய்யா, திருப்பு என்று எனக்கு உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. அந்த மங்கல் உருவம் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்ற பிறகுதான் சக்கரம் நகர்ந்தது.

போச்சு, வேலை போச்சு என்று நினைத்தேன். டைரக்டர் ஓடி வந்து மாப்பிள்ளையின் தோளைப் பிடித்தார்.

“பிரமாதம் சார். ஆள் நிக்கிறது தெரியுது, யாருன்னு தெரியல. பார்க்கிறவனுக்குத் தொண்டை காஞ்சிரும். இன்னொண்ணு எடுப்போம், அதே நேரத்துல திருப்புங்க. படம் முழுக்க நீங்கதான்.”

மாப்பிள்ளை சக்கரத்தையே பார்த்தார். எப்போது திருப்பினோம் என்று அவருக்கே தெரிந்தால்தானே? விளக்கைச் சரிசெய்கிற சாக்கில் அவர் பின்னால் போய்க் குனிந்தேன். “அவன் வந்ததும் நான் முதுகுல தொடறேன். யாருக்கும் தெரியாது.”

“படம் முழுக்கத் தொட்டுக்கிட்டே இருப்பீங்களா மச்சான்?”

அவர் சக்கரத்திலிருந்து கையை எடுத்தார்.

“சார், நான் வேணும்னு பண்ணல. அந்த ஆள் வந்தது எனக்குத் தெரியல.”

டைரக்டர் சிரித்தார். “அதானே சார் நமக்கு வேணும்.”

“கதவே தெரியல சார்.”

சிரிப்பு நின்றது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நடிகை குழாயை மூடினாள். பிறகு மாப்பிள்ளையின் உதவியாளர் வந்து சக்கரத்தை வாங்கிக்கொண்டார். மாப்பிள்ளை என் விளக்குக்குப் பக்கத்தில் வந்து நின்றார். வீட்டில் என்ன சொல்வது என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

மறுபடியும் டேக். அவர் கதவு இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று என் கையை இறுக்கிப் பிடித்தார்.

“உள்ள வந்துட்டானா மச்சான்?” என்று கிசுகிசுத்தார்.

அவன் எப்போதோ வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.