மஞ்சள் அட்டைக்குப் படிக்கட்டு

என் தம்பி எழுதும் தொலைக்காட்சித் தொடர் ஓடும் அரைமணி நேரத்தில் திருடர்கள்கூடத் தொழிலுக்குப் போவதில்லை. சரி, கொஞ்சம் ஊதிப் பெருக்கித்தான் சொல்கிறேன். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் யாரும் எழுந்துபோய் அடுப்பைக்கூட அணைப்பதில்லை என்பது வரை உண்மை.

கதை இனிமேல் வரப்போகும் ஒரு நாட்டில் நடக்கிறது. அங்கே வாய் திறக்காதவனுக்குப் பச்சை அட்டை, கேள்வி கேட்டவனுக்கு மஞ்சள். பச்சைக்கு லிஃப்ட், மஞ்சளுக்குப் படிக்கட்டு. பார்க்கிறவர்களின் வயிறு எரியட்டும் என்றுதான் எழுதினான். எரியவில்லை, குளிர்ந்துவிட்டது. குடியிருப்புச் சங்கச் செயலாளர் அவனை வாசலில் மடக்கிக் கையைக் குலுக்கினார்.

"என்ன ஒழுங்கு சார் அந்த நாட்டுல. நம்ம லிஃப்ட்டப் பாருங்க, சந்தைக்கடை மாதிரி."

மறுவாரமே எங்கள் லிஃப்ட் கதவில் அறிவிப்பு ஒட்டியாயிற்று. சங்கத்தின் மேல் புகார் சொல்லாதவர்களுக்குப் பச்சை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று முணுமுணுத்த என் தம்பிக்கு மஞ்சள். அவன் இருப்பது ஐந்தாவது மாடி. முட்டி இரண்டும் எப்போதோ கைவிட்டுவிட்டன.

விட்டானா? தொடரில் அந்த நாட்டை ஆளும் தலைவனை இன்னும் கொடியவனாக்கினான். மஞ்சள் அட்டைக் கிழவி ஒருத்தியைப் படிக்கட்டிலேயே சாகடித்தான். எதிர்வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, பாவம், அவள் முதலிலேயே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்றார். மஞ்சளுக்கு ஓட்டே கிடையாது என்று அடுத்து எழுதினான். அந்தப் பகுதியைச் செயலாளர் திரும்பவும் போட்டுப் பார்த்தாராம்.

"நான் எச்சரிக்கை எழுதறேன்க்கா. இவங்க சமையல் குறிப்பு மாதிரி எடுத்து வச்சுக்கறாங்க" என்று என்னிடம் வந்து பல்லைக் கடித்தான்.

அட்டைகளை வைத்துக்கொள்வதா தூக்கிப்போடுவதா என்று முடிவுசெய்யச் சங்கக் கூட்டம் கூடியது. கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஐந்து மாடியும் இறங்கி வந்தான். இதை எழுதியவனே நான்தான், தப்பு என்று காட்டத்தான் எழுதினேன் என்று தொண்டை கட்டும்வரை சொன்னான். செயலாளர் கோபப்படவே இல்லை.

"எழுதினவருக்கு எல்லாம் புரியணும்னு இல்ல சார். பாக்கறது நாங்கதானே."

பிறகு, அட்டை வேண்டாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார். அத்தனை பேர் நடுவில் ஒரே ஒரு கை கொடிக்கம்பம் போல எழும்பி நின்றது, என் தம்பியின் கை.

நான் இதுவரை எழுதியதைத் தம்பி பெண்டாட்டி எட்டிப் பார்த்துப் படித்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவன் முட்டிக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அவரு எங்க கை தூக்கினாரு, அண்ணி? மஞ்சளுக்கு ஓட்டு இல்லன்னு கை தூக்கறதுக்கு முன்னாடியே வெளிய அனுப்பிட்டாங்க. படிக்கட்டுல உக்காந்திருந்தாரு."