சந்தா கட்டிய ஆறு பெண்கள்

மதுரையில் நான் வேலை பார்த்த மில்லில், நூலைச் சிட்டமாகச் சுற்றும் பகுதியில் பெண்கள்தான் இருந்தோம். புது இயந்திரங்கள் வந்து இறங்கிய மாதம், எங்களில் ஆறு பேருக்கு இனி வேலை இல்லையென்று சீட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதில் நானும் ஒருத்தி.

வேலை போனவர்களுக்கு அன்றைக்குச் சர்க்கார் எதுவும் கொடுக்காது. எங்கள் தொழிலாளர் சங்கம்தான் ஓர் ஏற்பாடு வைத்திருந்தது. ஒரு வருஷம் விடாமல் சந்தா கட்டியவர்கள், வேலை போன ஒரு வாரத்துக்குள் மில் சீட்டைக் காட்டிப் பெயர் பதிய வேண்டும். தானாக வேலையை விட்டவர்களுக்குக் கிடையாது. பதிந்தவர்கள் திங்கட்கிழமைதோறும் வந்து, இன்னும் வேலை கிடைக்கவில்லை என்று சொல்லிக் கைநாட்டு வைத்தால் அந்த வாரத்துக்கு அரிசியும் பருப்பும் தருவார்கள். சங்கம் வேலை பார்த்துக் கொடுத்தால் மறுக்கக் கூடாது. மூன்று மாதத்தோடு உதவி நின்றுவிடும்.

ஆறு பேரும் சேர்ந்தே போனோம். செயலாளர் நல்ல மனிதர். எங்களைப் பார்த்ததும் சங்கடப்பட்டார்.

“இது குடும்பத்தைக் காப்பாத்துற ஆம்பளைகளுக்குன்னு வச்சதும்மா. உன் புருஷனுக்குத்தான் வேலை இருக்கே?” என்றார் என்னிடம்.

ஆண்கள் கூடியிருந்த இடத்தில் அதுவரை நான் வாய் திறந்ததில்லை. அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

“சந்தா வாங்கையில எங்க புருஷமாரைக் கேட்டா வாங்குனீக, அண்ணே?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை. விதிப் புத்தகத்தை எடுத்து, விரல் வைத்து வரி வரியாகப் படித்தார்.

“ஆம்பளைன்னு எங்கயும் எழுதல. உறுப்பினர்னுதான் போட்டிருக்கு. நானா நெனச்சுக்கிட்டேன்” என்றார். “ஞாயித்துக்கிழமை கமிட்டியில வைக்கிறேன். எல்லாரும் வந்துருங்க.”

கமிட்டியில் ஒருவர், பெண்களுக்கும் கொடுத்தால் நிதி தாங்காது என்றார். எங்களில் விதவையான ஒருத்தி எழுந்தாள்.

“என் வீட்டுல ஆம்பளையே இல்லைய்யா. நான் யாரைக் கூட்டிட்டு வர?”

எங்களுக்கு ஆதரவாகக் கமிட்டியில் ஒவ்வொரு கையாக உயர்ந்தது. மறுநாளே எங்கள் ஆறு பெயரும் பதிவாயின. அரிசிப் பையோடு வீட்டுக்கு வந்த என்னிடம், “நெசமாவே குடுத்துட்டாங்களா?” என்று என் கணவர் இரண்டு தரம் கேட்டார்.

இரண்டாவது மாதமே சங்கம் அந்த விதவைக்கு ஒரு பஞ்சுக் கிடங்கில் வேலை வாங்கித் தந்தது. பிறகு உலக யுத்தம் வந்தது. நூலுக்குக் கிராக்கி கூடியது. மில் எங்கள் ஐந்து பேரையும் திரும்பக் கூப்பிட்டது. உதவிப் பதிவிலிருந்து என் பெயரை அடித்துவிடச் சொல்லச் சங்கத்துக்குப் போனேன்.

“அடுத்த கமிட்டித் தேர்தல்ல நீ நில்லும்மா” என்றார் செயலாளர்.

“வீட்டுல கேட்டுட்டு வாரேன், அண்ணே” என்று சொல்லிவிட்டு வந்தேன். தெருமுனை தாண்டுவதற்குள் நிற்பதென்று முடிவு செய்திருந்தேன்.