உப்பில்லாத படையல்

இணுவில் ஞானாம்பிகையின் கணவர் தில்லைநாதன் மலாயாவில் ரயில்வே கிளாக்கராக இருந்தவர். யுத்தத்தில் யப்பான்காரர் அவரைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். கூடப் போன ஒருவர் மட்டும் திரும்பி வந்தார்.

"சோறும் பூசணித் தண்ணியும்தான் அக்கா. உப்பைக் கண்ணிலையும் காட்டேல்லை."

செத்த திதி அவருக்கும் தெரியவில்லை. மலாயாவை விட்டு ஊருக்கு வந்தபின் ஞானாம்பிகை ஆடி அமாவாசையில் படைத்து வந்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழாம் ஆண்டு ஆடி அமாவாசைக்கு மைத்துனர் முத்துக்குமாரு ஒரு யப்பான்காரரைக் கூட்டிவருவதாகச் சொன்னார். மொரிதா என்று பெயர். மீன்பிடி இயந்திரம் பழக்க வந்தவர். அந்தப் பாதையில் காவல் நின்ற சிப்பாயாம். தில்லைநாதனின் படத்தைக் கும்பிட வேண்டுமாம்.

"போனது போகட்டும் மச்சாள்," என்றார் முத்துக்குமாரு. அவருடைய வெங்காயத் தோட்டத்தில் யப்பான் பம்பு ஒன்று இறைத்துக்கொண்டிருந்தது.

"வரட்டும் தம்பி. அங்கை என்ன நடந்ததெண்டு என்ரை வீட்டிலை வந்து சொல்லட்டும்."

அன்று சமைக்கும்போது அவள் உப்புச் சிரட்டையைத் தொடவில்லை.

மொரிதா சப்பாத்தைக் கழற்றி நேராக வைத்துவிட்டு, படத்தின் முன் இடுப்பு வளையக் குனிந்து நின்றார். மொழிபெயர்க்க வந்த, மீன்பிடிக் கந்தோரில் வேலை பார்க்கும் செபநாயகம், "நோயிலை செத்த எல்லாருக்கும் அங்கை கல்லு நாட்டியிருக்கினமாம்," என்றார்.

"நோய் தன்ரை பாட்டிலை வந்ததோ எண்டு கேளுங்கோ."

செபநாயகம் அதை மொரிதாவிடம் கேட்கவில்லை.

காகத்துக்கு வைத்தபின் இலை போட்டாள். படையல் சோற்றை ருசி பார்த்துச் சமைப்பதில்லை. ஆகையால் உப்புக் கூடினாலும் குறைந்தாலும் யாரும் வாய் திறப்பதில்லை. முத்துக்குமாரு பூசணிக் கறியில் ஒரு வாய் உண்டுவிட்டுக் கூரையைப் பார்த்தார். பருப்பைத் தொட்டார். திரும்பவும் கூரையைப் பார்த்தார். செபநாயகம் தண்ணீர் குடித்தார்.

மொரிதா எல்லாவற்றையும் சாப்பிட்டார். பிறகு பூசணிக் கறியைக் காட்டி ஏதோ சொன்னார். செபநாயகம் சோற்றைப் பிசைந்தார்.

"சொல்லுங்கோ," என்றாள் ஞானாம்பிகை.

"அவையளுக்கும் இதுதானாம் குடுத்தது. உப்பு இருந்ததாம். சிப்பாய்மார் தாங்கள் வைச்சிருந்தவையாம். குடுக்கேல்லையாம்."

"சாப்பிடேக்கை உதெல்லாம் ஏன்..." என்று முத்துக்குமாரு தொடங்கினார்.

"நீர் சாப்பிடும் தம்பி."

அவள் உள்ளே போய் உப்புச் சிரட்டையை எடுத்து வந்தாள். முதலில் படத்தின் முன் இருந்த இலையில், பூசணிக்காய்க்குப் பக்கத்தில், ஒரு பிடி வைத்தாள். சிரட்டையை மொரிதாவின் இலையருகே வைத்தாள்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ எண்டு கேளுங்கோ."

செபநாயகம் இந்த முறை கேட்டார்.

"ஓமாம், போடட்டாம்," என்றார்.